கடைக் கம்ப்யூட்டருக்கு கஸ்டமர் டிஸ்ப்ளே: எதை வாங்குவது, எப்படி இணைப்பது?

வீட்டுக்கென்று ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டர் ஆறே மாதத்தில் கடைக் கல்லாவுக்குக் குடிபோய்விடுவது நம் ஊர்களில் சகஜம். ஒரு பில்லிங் சாப்ட்வேர், ஒரு பார்கோடு ஸ்கேனர், ஒரு சின்ன பிரிண்டர் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த மானிட்டர் யாரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரரை. பணம் கொடுப்பவர் பார்ப்பது மானிட்டரின் முதுகைத்தான்.

அம்பாசமுத்திரத்தில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு விடுமுறைக்குப் போயிருந்தபோது நடந்தது இது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வழக்கமாக வரும் ஆச்சி ஒருவர், சாமான் வாங்கிப் போன அன்று மாலையே பேரனுடன் பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டார். கையில் பில். "ஏய்யா, நா ஒரு எண்ணெப் பாட்டில்தானே வாங்குனேன்? ரெண்டுக்குல்லா துட்டு எடுத்திருக்கிய?" பேரன்தான் பில்லைப் படித்துச் சொல்லியிருக்கிறான். கடைப் பையன் ஸ்கேன் செய்தபோது பீப் சத்தம் தெருச் சத்தத்தில் கேட்கவில்லை. பதியவில்லை என்று நினைத்து மறுபடியும் ஸ்கேன் செய்துவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

மாமா பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பஸ் செலவுக்கும் கொடுத்தார். ஆச்சி பஸ் காசை வாங்கவில்லை. கடையில் நின்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு கடை அடைக்கும்போது மாமா சொன்னார்: "மருமவனே, துட்டு போனாப் போவுது. தெரிஞ்சு செஞ்சேன்னுல்லா நெனச்சிருப்பாங்க. அவங்க பக்கமும் ஒரு டிவி மாதிரி வைப்பாங்களாமே, அது என்னன்னு பாரு."

அவர் கேட்டதுதான் கஸ்டமர் டிஸ்ப்ளே. நான் சாப்ட்வேர் எஞ்சினியர், இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். முதல் முயற்சியில் நன்றாகவே சொதப்பினேன். நீங்கள் அதே தவறைச் செய்யாமல் இருக்க இந்தக் கட்டுரை.

பெட்ரோல் பங்க் பாடம்

பெட்ரோல் பங்கில் ஊழியர் "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் கஸ்டமர் டிஸ்ப்ளேயின் வேலை முழுவதும் அடங்கியுள்ளது. முந்தைய ஆளின் கணக்கு அழிந்து பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் ஏறும்போதே கண்ணில் பட வேண்டும். கடைசித் தொகை பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். பில் என்பது எல்லாம் முடிந்த பிறகு வருவது. தவறை அதில் கண்டுபிடித்தால் பஸ் ஏறித்தான் திரும்பி வர வேண்டும்.

இந்த யோசனை கம்ப்யூட்டரை விடப் பழையது. அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்ற மதுக்கடை முதலாளி, ஊழியர்கள் பணத்தை அமுக்குகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, 1879-இல் தன் சகோதரருடன் சேர்ந்து கேஷ் ரெஜிஸ்டருக்குக் காப்புரிமை பெற்றார். கடிகாரம் போன்ற பெரிய முகப்பில் முள் தொகையைக் காட்டும். எதிரே நிற்பவருக்கும் அது தெரியும் என்பதால் ஊழியர் குறைத்துப் பதிய முடியாது. அதாவது வாடிக்கையாளரின் கண்ணை முதலாளி தனக்குக் காவலாக வைத்துக்கொண்டார்! மாமா கடையில் தேவை இதற்கு நேர் எதிரானது என்றாலும் கருவி ஒன்றுதான்.

முதலில் பார்க்க வேண்டியது சாப்ட்வேரை

நான் செய்த முதல் தவறு இங்கேதான். வீட்டில் சும்மா கிடந்த 15 அங்குல மானிட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கடைக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக இணைத்து, வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். மாமா கடை பில்லிங் சாப்ட்வேருக்கு இரண்டாவது திரையில் தனியாக ஒரு விண்டோவைக் காட்டத் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, இருக்கட்டும் என்று டூப்ளிகேட் முறையில், அதாவது கடைக்காரர் பார்ப்பதையே வாடிக்கையாளரும் பார்க்கும்படி வைத்தேன்.

இரண்டாம் நாள் மாலை. மாதக் கணக்கு வைத்திருக்கும் ஓர் அக்கா சாமான் வாங்க வந்தார். பையன் அவர் பெயரை டைப் செய்தவுடன் பழைய பாக்கி எவ்வளவு என்பது சிவப்பு எழுத்தில் வந்தது. அவர் பின்னால் அதே தெருக்காரர்கள் மூன்று பேர் நின்றார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. வாங்க வந்ததில் பாதியை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் பாக்கி முழுவதையும் மகனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். பிறகு இரண்டு மாதம் அவர் கடைப் பக்கமே வரவில்லை என்று மாமா போனில் சொன்னார். எண்ணெய் பாட்டில் விஷயத்தில் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இதில் எதைத் திருப்பிக் கொடுப்பது?

ஆகவே, எந்த டிஸ்ப்ளேயும் வாங்கும் முன் உங்கள் பில்லிங் சாப்ட்வேரின் செட்டிங்ஸ் பகுதியில் கஸ்டமர் டிஸ்ப்ளே, போல் டிஸ்ப்ளே அல்லது செகண்ட் ஸ்கிரீன் என்று ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்றவருக்கு போன் செய்து கேளுங்கள். போல் டிஸ்ப்ளே மட்டும் உண்டு என்றால் அதை வாங்குங்கள். செகண்ட் ஸ்கிரீன் உண்டு என்றால் அந்த விண்டோவில் எந்தெந்த விவரம் வரும், பழைய பாக்கியையும் கொள்முதல் விலையையும் மறைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். டூப்ளிகேட் முறை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மூன்று வகைகள்

முதல் வகை, எண்களை மட்டும் காட்டும் எல்இடி டிஸ்ப்ளே. கால்குலேட்டரில் உள்ளது போல ஏழு கோடுகளால் ஆன 8 எண்கள் இருக்கும். விலை குறைவு, எண்கள் பெரியவை, தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் எந்தப் பொருளுக்கு அந்த விலை என்று சொல்லாது. பேக்கரி, காய்கறிக் கடை போல இரண்டு மூன்று பொருள்கள் மட்டும் வாங்கும் இடத்துக்கு இது போதும்.

இரண்டாவது விஎப்டி எனப்படும் போல் டிஸ்ப்ளே. பழைய விசிஆரிலும் கார் ஸ்டீரியோவிலும் நீலப்பச்சை நிறத்தில் எழுத்துகள் ஒளிர்ந்தது நினைவிருக்கிறதா? அதே தொழில்நுட்பம். ஒரு கம்பத்தின் உச்சியில் இரண்டு வரிகள், வரிக்கு 20 எழுத்துகள். மேல் வரியில் பொருளின் பெயர், கீழ் வரியில் எண்ணிக்கை, விலை, தொகை. எழுத்துகள் தாமே ஒளிர்வதால் கடைக்குள் இருட்டாக இருந்தாலும் பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் மங்காது.

மூன்றாவது இரண்டாவது மானிட்டர். 7 அங்குலச் சிறு திரையில் தொடங்கி வீட்டு மானிட்டர் வரை எதுவாகவும் இருக்கலாம். வாங்கிய பொருள்களின் பட்டியல் முழுவதையும் காட்டலாம், தமிழில் காட்டலாம், க்யூஆர் கோடு காட்டலாம். கடைசி இரண்டும் மற்ற வகைகளில் முடியாது.

தமிழ் பற்றி ஒரு வார்த்தை. விஎப்டி டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு எழுத்தும் பொதுவாக 5-க்கு 7 புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்துக்குள் வரையப்படுகிறது. அதனுள்ளே ஆங்கில எழுத்துகளும் சில ஐரோப்பிய எழுத்துகளும் பதியப்பட்டு வருகின்றன. தமிழ் இல்லை. ‘ணை' என்ற எழுத்தை 5 புள்ளி அகலத்தில் வரைந்து பாருங்கள், ஏன் இல்லை என்பது புரியும். கம்ப்யூட்டரில் யுனிகோட் தமிழ் எவ்வளவு நன்றாக வந்தாலும் விஎப்டிக்கு அனுப்பினால் கேள்விக்குறிகளோ குப்பையோதான் வரும். ஆச்சிக்கு ஆங்கிலம் தெரியாதே என்று நான் கவலைப்பட்டேன். "எண்ணு தெரியுமில்லா, போதும்" என்றார் மாமா. அது ஓரளவு உண்மைதான். எண்ணெய் பாட்டில் இரண்டு முறை ஏறினால் கீழ் வரியில் 2 என்று வரும். அதைப் படிக்க ஆங்கிலம் வேண்டாம்.

20 எழுத்துக்குள் அடக்குங்கள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. "ஜிஞ்செல்லி ஆயில் பவுச் 500 எம்எல்" என்பதை ஆங்கில எழுத்தில் டைப் செய்து எண்ணிப் பாருங்கள். இடைவெளிகளையும் சேர்த்து 25 வருகிறது. டிஸ்ப்ளே 20-உடன் வெட்டிவிடும். அதாவது "பவுச் 5" என்று நிற்கும். 500 மில்லியும் 50 மில்லியும் ஒன்று போலத் தெரிந்தால் டிஸ்ப்ளே இருந்து என்ன பயன்?

சாப்ட்வேரில் ஷார்ட் நேம் என்ற தனிக் கட்டம் இருந்தால் அதில் அளவை முதலிலும் பெயரைப் பின்னாலும் கொடுத்திடுங்கள். மாமா கடையில் சுமார் ஆயிரம் பொருள்களுக்கு நான் இரண்டு நாள் உட்கார்ந்து இதைச் செய்தேன். சலிப்பான வேலை, ஆனால் டிஸ்ப்ளே பயன்படுவதும் படாததும் இதில்தான் இருக்கிறது. அரிசிக்கு மட்டும் சிரமமே இல்லை. எங்கள் ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த அம்பை 16 ரகத்தின் ஆங்கிலப் பெயர் ஏஎஸ்டி 16. இடைவெளியோடு 6 எழுத்துகள்தான்!

அரிசி, பருப்பு, சில்லறை அப்பளம் போன்ற பார்கோடு இல்லாத பொருள்களில்தான் டிஸ்ப்ளேக்கு வேலை அதிகம். பாக்கெட்டில் எம்ஆர்பி அச்சிட்டிருக்கும். அரிசியில் எதுவும் இருக்காது. எனவே எடை, கிலோ விலை, தொகை மூன்றும் கீழ் வரியில் வருமாறு செட் செய்திடவும். எடையைப் பையன் கையால் டைப் செய்கிறான் என்றால் தராசு காட்டும் எடையும் டிஸ்ப்ளே காட்டும் எடையும் ஒன்றாக இருப்பதை வாடிக்கையாளரே ஒப்பிட்டுக் கொள்ளலாம். தராசின் பின்பக்கத் திரை மறையும்படி பிஸ்கட் டப்பாவை வைக்காமல் இருந்தால் சரி.

பாக்கெட் பொருளிலும் கேள்வி வரத்தான் செய்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்றவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் "கொறச்சாச்சா அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார்களாம். பாக்கெட்டில் பழைய எம்ஆர்பி, டிஸ்ப்ளேயில் குறைந்த விலை என்று கண் முன்னால் ஏறியபோது மாமா ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை.

விஎப்டியை இணைப்பது எப்படி?

இவற்றில் பல சீரியல் போர்ட் வழியாக இணைபவை. சீரியல் போர்ட் என்பது பழைய கம்ப்யூட்டர்களின் பின்புறம் இருக்கும் 9 ஊசிகள் கொண்ட இணைப்பு. விண்டோஸ் இதை காம் போர்ட் என்று அழைக்கும். இன்று வரும் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இது இல்லை. எனவே யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர் ஒன்று வாங்க வேண்டும். அல்லது யுஎஸ்பி வசதியுடனேயே வரும் டிஸ்ப்ளேயை வாங்கலாம். உள்ளே அதுவும் பெரும்பாலும் ஒரு காம் போர்ட்டாகவே நடிக்கும்.

இணைத்தபின் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்திடவும். போர்ட்ஸ் என்ற பிரிவில் காம்3, காம்4 என்பது போல ஓர் எண் கிடைக்கும். அதைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த வரியில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவர் சரியில்லை என்று பொருள். பழைய கன்வர்ட்டர்கள் சிலவற்றில் உள்ள சிப்புக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர் ஆதரவு கிடையாது. என்னிடம் கல்லூரிக் காலத்திலிருந்து இருந்த கன்வர்ட்டர் அப்படித்தான் கைவிட்டது. மல்லுக்கட்டாமல் புதியது வாங்கிவிடுவது நல்லது.

இப்போது பில்லிங் சாப்ட்வேரைத் தொடாமல் டிஸ்ப்ளேயை மட்டும் சோதிப்போம். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் மோட் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு காம்3:9600,என்,8,1 என்று கொடுத்து என்டர் தட்டவும். (உங்கள் எண் வேறு என்றால் அதைக் கொடுக்கவும்.) அடுத்த வரியில் எக்கோ என்று டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, > குறி போட்டு, காம்3 என்று முடித்து என்டர் தட்டவும். டிஸ்ப்ளேயில் உங்கள் பெயர் ஒளிரும். முதல் முறை ஒளிரும்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கும்!

பெயருக்குப் பதில் குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். 9600 என்பது பாட் ரேட், அதாவது கம்ப்யூட்டரும் டிஸ்ப்ளேயும் பேசிக்கொள்ளும் வேகம். இருவரும் ஒரே வேகத்தில் பேச வேண்டும். டிஸ்ப்ளேயுடன் வந்த தாளில் சரியான வேகம் இருக்கும். எண் மட்டும் காட்டும் எல்இடி வகைகள் பலவற்றில் இது 2400. அவற்றில் இந்தப் பெயர் சோதனை செய்தாலும் எழுத்து வராது, பயப்பட வேண்டாம். ஒன்றுமே வரவில்லை என்றால் மின்சாரத்தைப் பாருங்கள். சில டிஸ்ப்ளேக்களுக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

சோதனை வெற்றி என்றால் பில்லிங் சாப்ட்வேரில் அதே காம் எண்ணையும் அதே வேகத்தையும் கொடுத்திடவும். அங்கே கமாண்ட் டைப் என்று கேட்டால் டிஸ்ப்ளே தாளில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும். எப்சன் கட்டளை முறையைப் பல நிறுவனங்களின் டிஸ்ப்ளேக்கள் புரிந்துகொள்கின்றன. பல மாதிரிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வசதியும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. யுஎஸ்பி கன்வர்ட்டரைக் கழற்றி வேறு துளையில் சொருகினால் காம் எண் மாறிவிடக்கூடும். மறுநாள் காலை "டிஸ்ப்ளே செத்துப்போச்சு" என்று போன் வரும். எந்தத் துளையோ அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நான் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தேன்.

மானிட்டர் என்றால்

கீபோர்டில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் கிடைக்கும். எக்ஸ்டெண்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இப்போது இரண்டு திரைகளும் தனித்தனி. எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். அது ஒரே காட்சியை இரண்டாகக் காட்டுமே தவிர எக்ஸ்டெண்ட் செய்யாது. கம்ப்யூட்டரிலேயே இரண்டு வீடியோ அவுட்புட் இருக்க வேண்டும், அல்லது யுஎஸ்பி வழியாகத் தனித் திரை தரும் அடாப்டர் வேண்டும்.

அடுத்து டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் செல்லவும். 1, 2 என்று இரண்டு கட்டங்கள் அருகருகே தெரியும். பெரும்பாலும் மவுஸ் தவறிப்போய் வாடிக்கையாளர் திரைக்குள் நுழைந்துவிடும், பையன் அதைத் தேடிக்கொண்டிருப்பான். இதைத் தவிர்க்க 2 என்ற கட்டத்தை மவுஸால் இழுத்து 1-இன் மேல் மூலையைத் தொடுவது போலக் குறுக்காக வைத்து அப்ளை கொடுங்கள். மூலை வழியாக மவுஸ் தற்செயலாகப் போவது அரிது.

அந்தத் திரையில் விளம்பரப் படம் ஓட்டலாமே என்று விற்பவர்கள் ஆசை காட்டுவார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு வேண்டுமானால் சரி. சின்னக் கடையில் வேண்டாம் என்பது என் கருத்து. அசையும் படம் இருந்தால் கண் அங்கேதான் போகும், எண்ணுக்குப் போகாது.

2016-இல் யுபிஐ வந்த பிறகு இரண்டாவது திரைக்கு ஒரு புதுப் பயன் கிடைத்துள்ளது. கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் கடையின் முகவரி மட்டும் இருக்கும், தொகையை வாடிக்கையாளர் டைப் செய்ய வேண்டும். திரையில் பில்லுக்குப் பில் உருவாகும் க்யூஆரில் தொகையும் சேர்ந்தே வரும். 347 ரூபாய்க்கு 374 என்று அனுப்பிவிடும் குழப்பம் இல்லை. ஆனால் சாதாரண பில்லிங் சாப்ட்வேர் க்யூஆரை வரைகிறதே தவிர, பணம் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. உங்கள் போனிலோ குரல் பெட்டியிலோ உறுதியானபின் பொருளைக் கொடுங்கள். வாடிக்கையாளர் போனில் காட்டும் பச்சை டிக் படத்தை நம்ப வேண்டாம்.

எங்கே வைப்பது?

பணம் கொடுப்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நீங்கள் போய் நின்று பாருங்கள். ஆச்சி உயரத்துக்குக் குனிந்தும் பாருங்கள். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது போர்டு எழுதுபவர்களின் கணக்கு. விஎப்டி எழுத்து இதில் பாதிகூட இருக்காது. எனவே மூன்று நான்கு அடிக்குள் இருக்க வேண்டும். மாமா கடை மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணி வெயில் நேரே டிஸ்ப்ளேயில் விழுந்து எழுத்தே தெரியவில்லை. தீப்பெட்டி பண்டல் அட்டையை வெட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து ஒரு கூரை செய்து ஒட்டினோம். அழகாக இல்லை, ஆனால் தெரிகிறது.

யுபிஎஸ் இருந்தால் டிஸ்ப்ளேயையும் அதிலேயே இணைத்திடவும். விஎப்டி சில வாட் மின்சாரம்தான் எடுக்கும். மானிட்டர் கூடுதலாக எடுக்கும், கரண்ட் போனபின் கிடைக்கும் நேரம் சற்றுக் குறையும். விஎப்டியின் ஒளி ஆண்டுக்கணக்கில் ஓடும்போது மெல்ல மங்கும். கடை அடைக்கும்போது அதையும் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, சாப்ட்வேரில் வெல்கம் மெசேஜ் என்று ஓர் இடம் இருக்கும். பில் முடிந்து சில விநாடிகளில் டிஸ்ப்ளே பழைய தொகையை அழித்துவிட்டு அதைக் காட்டும்படி செட் செய்திடவும். அதற்கு முன் 500 கொடுத்தால் மீதி 153 என்பதையும் காட்டும்படி வைத்தால் சில்லறைத் தகராறும் குறையும்.

பாக்கி விவரம் தெரிந்துவிட்ட அந்த அக்கா மூன்றாம் மாதம் வந்தாராம். கம்பத்தில் ஒளிர்ந்த இரண்டு வரியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுல வேற ஒண்ணும் வராதே அண்ணாச்சி?" என்று கேட்டாராம். வராது என்று மாமா சொல்ல, ஒரு கிலோ துவரம் பருப்பு கேட்டிருக்கிறார். மாதக் கணக்கில் எழுதச் சொல்லவில்லை, ரொக்கம் கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார்.